நோவுக்குச் சாட்சி யார்?

[கமக்காரரும் உத்தியோகத்தரும் வைத்தியரும் கூடியிருந்த கிராமக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்.]



நரம்பு நோவைக் கைத்தொலைபேசிச் செயலிகளின் துணைகொண்டு நாள்தோறும் பதிந்து வைக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நான் வைத்தியனல்லன், நீதிமன்றப் படியேறிப் பிழைப்பவன். இவனை மேடையேற்றினால் அரசியல்தான் பேசுவான் என்று எண்ணி வந்தவர்களும் இங்கே சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு இன்று ஏமாற்றமே. ஆயினும் இந்தப் பொருளுக்கும் என் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பொன்று உண்டு. அதன் பெயர் சாட்சியம். நோவு என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். அதற்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அச்சாட்சி நோவை அனுபவிப்பவனே. அவனுடைய சொல்லை உலகம் நம்புமா, நம்பாதா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய வழக்கு.

ஒரு வழக்கின் கதை

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி என்னிடம் வந்தார். ஆலை இயந்திரத்தில் வலது கை அகப்பட்டு இரண்டு விரல்களை இழந்தவர். காயம் ஆறிவிட்டது. தோலும் மூடிவிட்டது. எக்ஸ்ரே படத்தில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை அவரை உறங்க விடவில்லை. சட்டைக் கை உரசினாலும் நெருப்புப் பட்டதுபோலத் துடிப்பார். இல்லாத விரல்கள் இரண்டையும் யாரோ முறுக்கிப் பிழிவது போல நோகின்றது என்பார்.

1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்டோம். போன விரலுக்கு அட்டவணையில் விகிதம் உண்டு. விரல் போன அளவுக்கு மேலாக, நோவினாலும் இவருடைய உழைக்கும் ஆற்றல் குன்றிவிட்டது என்பது எங்கள் வாதம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். “சென்ற மாதம் எத்தனை நாள் நோவு இருந்தது?” என்று கேட்டார். “எந்த நேரமும் நோகும் ஐயா” என்றார் இவர். “இப்போது நோகின்றதா?” “இப்ப கொஞ்சம் குறைவு.” “அப்படியாயின் எந்த நேரமும் நோகவில்லை!” அவ்வளவுதான். இரண்டே கேள்விகளில் ஓர் உண்மையாளன் பொய்யனாக்கப்பட்டான்.

வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, நான் பொய் சொல்லேல்லை. எப்பெப்ப நோகுதெண்டு எழுதி வைக்க நான் என்ன கணக்கப்பிள்ளையே?”

விரலுக்கு உரியது கிடைத்தது. நோவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பார் தம் கடமையைச் செய்தார். அவரை நான் குறைகூற மாட்டேன். குறை எங்களுடையது. எங்கள் பக்கத்தில் நோவு இருந்தது, பதிவு இருக்கவில்லை.

நரம்பு நோவு என்பது யாது?

கையில் முள் குத்தினால் நோகின்றது. முள் குத்திய செய்தியை மூளைக்குக் கொண்டு செல்வது நரம்பு. முள்ளை எடுத்துவிட்டால் நோவு அடங்கிவிடும். இது நாம் எல்லோரும் அறிந்த நோவு. செய்தியைக் கொண்டு செல்லும் நரம்பே பழுதுபட்டால் என்ன ஆகும்? முள் இல்லாமலே குத்தும். நெருப்பில்லாமலே எரியும். மெல்லிய துணி பட்டாலும் கத்தி பட்டது போலிருக்கும். நோவை உணரும் நரம்புத் தொகுதிக்கே நேர்ந்த சேதத்தினால் அல்லது நோயினால் எழும் நோவே நரம்பு நோவு என்று அறிஞர் வரையறுக்கின்றனர்.

இது அரிதான வருத்தமன்று. நீண்ட காலச் சலரோகம் கால் நரம்புகளைத் தின்னும். அக்கி ஆறிய பின்னும் அதன் எரிவு மாதக் கணக்கில் நீடிப்பதுண்டு. முதுகெலும்பின் வட்டு விலகி நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து கால்வரை மின்னல் வெட்டும். தொழுநோயாலும் வரும், பாரிசவாதத்தின் பின்னும் வரும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றாலும் வரும். நம் மண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 இல் முடிந்த போர் எத்தனை கால்களைக் கொண்டுபோயிற்று! போன கால் போனதுதான். ஆனால் போன காலின் பெருவிரல் இன்றும் நோகின்றது என்று சொல்லும் மனிதர் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று அயலார் சிரிப்பதும் உண்டு.

சிரிப்பவர்கள் ஒன்றை அறியவேண்டும். அமெரிக்காவிலே 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போது பிலடெல்பியா நகரில் சைலஸ் வெயர் மிச்செல் என்னும் வைத்தியர் நரம்பில் குண்டு பட்ட போர்வீரரைப் பரிகரித்தார். எரியும் கையை இடையறாது ஈரத்துணியால் சுற்றி வைத்திருந்த வீரர்களை அவர் கண்டார். அவர்களுடைய சொல்லைப் புறந்தள்ளாமல் கேட்டார், கேட்டதை எழுதினார். 1864 இல் தம் தோழர் இருவருடன் சேர்ந்து நூலாக வெளியிட்டார். இல்லாத உறுப்பின் உணர்வுக்கு 1871 இல் ஒரு பெயரும் இட்டார். அன்று அவரிடம் எக்ஸ்ரே இல்லை. நோயாளியின் சொல்லும், அதை உடனுக்குடன் குறித்து வைத்த ஏடுமே அவருடைய கருவிகள்.

நினைவு என்னும் நம்பமுடியாத சாட்சி

“நோயாளி கிளினிக்குக்கு வரும்போது வைத்தியரிடம் சொல்லலாமே, பதிவு எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையை நம் ஆஸ்பத்திரி வாங்கிலேயே காணலாம். விடியற்காலையில் வந்து இலக்கம் எடுத்து, மணிக்கணக்கில் காத்திருந்து, வைத்தியர் முன்னே அமர்ந்தால் கிடைப்பது சில நிமிடம். “எப்படி இருக்கிறது?” என்று அவர் கேட்பார். “அப்படியேதான் இருக்கு சேர்” என்போம். ஒரு மாத வரலாறு இந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும். இது வைத்தியரின் குற்றமுமன்று, நோயாளியின் குற்றமுமன்று. நினைவு என்பது அத்தன்மையது.

1996 இல் டொனால்ட் ரெடெல்மயர், டானியல் கானமன் என்னும் இரு அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டனர். பெருங்குடற் பரிசோதனைக்கு உள்ளான நோயாளர், பரிசோதனை நடக்கும்போதே ஒவ்வொரு நிமிடமும் தம் நோவின் அளவைக் கூறினர். பின்னர் மொத்த நோவு எவ்வளவு என்று நினைவிலிருந்து கூறினர். இரண்டையும் ஒப்பிட்டபோது வெளிப்பட்டது என்ன? நினைவிலே நின்றவை நோவின் உச்சமும் கடைசி நேரமுமே. எவ்வளவு நேரம் நொந்தோம் என்பது நினைவில் நிற்கவேயில்லை!

இதனால் வரும் கேட்டைப் பாருங்கள். நரம்பு நோவுக்கு வழக்கமான நோமாத்திரைகள் பெரும்பாலும் போதா. அமிற்றிப்ரிலின், கபபென்ரின், பிரிகபாலின் போன்ற மருந்துகளையே வைத்தியர் முதலில் நாடுவர். இவற்றைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். தூக்கமும் தலைச்சுற்றும் அதற்கு முன்னே வந்துவிடும். நோவு முற்றாக மறையும் என்று யாரும் வாக்களிப்பதில்லை. பூச்சியத்திலிருந்து பத்து வரை அளக்கும் அளவுகோலில் இரண்டு புள்ளி, அல்லது ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு குறைந்தாலே பயனுள்ள மாற்றம் என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். எட்டாக இருந்த நோவு ஐந்தாக இறங்கியதை நினைவு காட்டாது. நேற்றைய இரவு கொடுமையாக இருந்தால், “மருந்து சரிவரவில்லை” என்று சொல்லிவிடுவோம். பலன் தரத் தொடங்கிய மருந்து நிறுத்தப்படும். அல்லது வேண்டாத அளவுக்குக் கூட்டப்படும். பதிவு இருந்திருந்தால் இரண்டும் நேர்ந்திரா.

கொப்பியும் கருவியும்

“அப்படியானால் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதாதா?” இதற்கும் ஓர் ஆய்வு விடை தருகின்றது. 2002 இல் அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்ரோனும் அவர்தம் தோழரும், தீராத நோவுள்ள 80 பேரை இரு பாதியாகப் பிரித்தனர். ஒரு பாதிக்குக் கடதாசி ஏடு. மறுபாதிக்குக் கையடக்க மின்கருவி. குறித்த மூன்று வேளைகளில் நாள்தோறும் நோவைப் பதியவேண்டும். கடதாசி ஏட்டின் உறையில், அது எப்போது திறக்கப்படுகின்றது என்பதை அறியும் ஒளியுணர் கருவியொன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏட்டுக்காரர், நூற்றுக்கு 90 வேளை நேரம் தவறாது எழுதியதாகக் குறித்திருந்தனர். மறைந்திருந்த கருவியோ, உண்மையில் நேரம் தவறாது எழுதப்பட்டவை நூற்றுக்கு 11 மட்டுமே என்று காட்டியது. ஏடே திறக்கப்படாத நாட்களும் நூற்றுக்கு 32. அந்த நாட்களுக்கும் எண்கள் பின்னர் நிரப்பப்பட்டிருந்தன! மின்கருவி வைத்திருந்தவர்களோ நூற்றுக்கு 94 வேளை உரிய நேரத்திற் பதிந்தனர்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர். கிளினிக்குக்குப் போகுமுன் வெற்றுப் பக்கங்களைப் பார்த்து வெட்கப்பட்டு நிரப்பிய நல்ல மனிதர். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் நீதிமன்றத்திலே நான் கற்ற பாடம் ஒன்றுண்டு: சம்பவம் நடந்த வேளையில் எழுதிய ஒரு வரிக்குள்ள மதிப்பு, பிற்பாடு எழுதிய பத்துப் பக்கத்துக்கு இல்லை. சாட்சிக் கூண்டில் நிற்பவன் தன் நினைவைப் புதுப்பிக்க ஏடொன்றைப் பார்க்க விரும்பினால், அது சம்பவ வேளையில், அல்லது நினைவு மங்குமுன் எழுதப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும். 1895 ஆம் ஆண்டின் நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் நியாயம் அது. அந்த அமெரிக்க ஆய்வு கண்டதும் அதே நியாயந்தான்.

கைத்தொலைபேசிச் செயலி செய்வதும் இதுவே. குறித்த நேரத்தில் மணி ஒலித்து, “இப்போது நோவு எவ்வளவு?” என்று கேட்கும். பூச்சியம் என்றால் நோவில்லை. பத்து என்றால் நினைக்கக்கூடிய கொடிய நோவு. திரையிலுள்ள உடற்படத்தை விரலால் தொட்டு இடத்தைக் காட்டலாம். எரிவா, குத்தா, விறைப்பா என்று தெரிவு செய்யலாம். உறக்கம், வேலை, எடுத்த மருந்து ஆகியவற்றையும் குறிக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் நாளும் நேரமும் தாமாகவே விழும். மாத முடிவில் எல்லாம் ஒரு பக்கக் கோட்டுப்படமாக வைத்தியர் முன் விரியும். நம் உறவினர் பலர் குடியேறியுள்ள கனடாவின் ரொறன்ரோ நகரிலே தோன்றிய ‘மனேஜ் மை பெயின்’ என்னும் செயலி இவ்வகையினது.

வாடைக்காற்றும் முதியோர் சொல்லும்

கமக்காரச் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. மாரி பிறந்து வாடைக்காற்று வீசினால் நோவு கூடும் என்று நம் அப்பாச்சிமார் சொன்னார்கள். படித்த பேரப்பிள்ளைகள் அதை மூடநம்பிக்கை என்றார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2016 இல் இதைச் செயலியொன்றின் மூலம் ஆராயப் புகுந்தனர். நாடெங்கும் மூட்டு நோவு, நரம்பு நோவு முதலிய நெடுநோவுகள் உள்ளவர்கள் நாள்தோறும் தம் நிலையைத் தொலைபேசியிற் பதிந்தனர். தொலைபேசி இருந்த இடத்தைக் கொண்டு அவ்விடத்து வானிலையும் சேர்க்கப்பட்டது. 2,658 பேரின் பதிவுகளைக் கொண்ட முடிவு 2019 இல் வெளிவந்தது. காற்றில் ஈரம் மிகுந்து, காற்று வேகமாக வீசி, வளியமுக்கம் குறைந்த நாட்களில் நோவு கூடுவது மெய்யென்று கண்டனர். ஆனால் எவ்வளவு? சாதாரண நாளில் நூற்றில் ஐந்தாக இருக்கும் நோவு மிகும் வாய்ப்பு, அத்தகைய நாளில் ஆறாகும், அவ்வளவே. குளிரும் வெப்பமும் தனியே நின்று பெரிய வேறுபாடு செய்யவில்லை.

இதில் இரு பாடங்கள் உண்டு. அப்பாச்சி சொன்னது பொய்யன்று. அவர் எண்ணிய அளவுக்குப் பெரிதுமன்று. தனியொருவரின் சொல்லாக நின்றிருந்தால் ஏளனத்துக்கு உள்ளாகியிருக்கும் இவ்வுண்மை, ஆயிரக்கணக்கானோரின் நாளாந்தப் பதிவாகத் திரண்டபோது சபையேறியது.

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்படவேண்டும் என்பது அங்கே அவர் தரும் அறிவுரை. அந்த மூன்றையும் வைத்தியர் கையிற் சேர்ப்பதே இச்செயலிகளின் பணி என்றால் அது மிகையன்று.

எந்த மொழியில்?

இனி மறுபக்கம். ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது வக்கீலின் தொழிலாயிருக்கலாம். பொதுமேடைக்கு அது தகாது.

முதலாவது கேள்வி: இச்செயலி நோயாளியிடம் எந்த மொழியிற் பேசுகின்றது? ரொனால்ட் மெல்சாக் என்னும் அறிஞர் 1975 இல் நோவைக் குறிக்கும் 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். எல்லாம் ஆங்கிலச் சொற்கள். 2005 இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் நரம்பு நோவைப் பிரித்தறியப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு சோதனையை அமைத்தனர். ஏழு கேட்டறிவன; மூன்று தொட்டறிவன. எரிவு, குளிர்ந்து நோதல், மின் தாக்கினாற் போன்ற வெட்டு, ஊசி குத்தல், விறைப்பு, கடி முதலியவை அதில் அடங்கும். பத்தில் நான்குக்கு ‘ஆம்’ என்றால் அது நரம்பு நோவாக இருக்கக்கூடும் என்று கொள்வர். சொல்லே இங்கு சோதனைக் கருவி! சொல் பிழைத்தால் நோயறிதலும் பிழைக்கும்.

நமது கிழவி ‘வலி’ என்று சொல்வாரா? ‘நோகுது’ என்பார், ‘உளையுது’ என்பார், ‘குத்திக் குடையுது’, ‘விறைக்குது’, ‘எறும்பு ஊருது’ என்பார். ஒவ்வொன்றும் வேறு வேறு நோவு. மொழிபெயர்ப்புப் பொறியில் இட்டு எடுத்த தமிழ் இவற்றை அறியுமா? அரசாங்க வைத்தியசாலைகளில் இத்தகைய செயலி வருமாயின், அது தமிழிலும் வரவேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழியே. சட்டம் இருக்கட்டும்; தன் நோவைத் தன் சொல்லிலே சொல்ல முடியாதவனுக்கு எவர் மருந்து கொடுப்பார்?

யாருடைய உடைமை?

இரண்டாவது கேள்வி: பதிவு யாருக்குச் சொந்தம்? நம் நோயாளர் கிளினிக் கொப்பியைத் தம் கையிலேயே கொண்டு செல்வர். பெட்டியில் வைத்துப் பூட்டுவர். செயலியில் எழுதியது எங்கே போகின்றது? கடல் கடந்த ஒரு கம்பனியின் களஞ்சியத்துக்குப் போகலாம். பெண்களின் மாதாந்த உடல்நிலையைக் குறிக்கும் ‘புளோ’ என்னும் செயலி, இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டு, தகவல்களை விளம்பரப் பெருங்கம்பனிகளுக்குச் செல்லவிட்டதென்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2021 இல் அவ்விடயம் இணக்கத்தில் முடிந்தது. நோவின் பதிவும் அவ்வாறு கைமாறினால்? “இவன் கை நோவுக்காரன்” என்று வேலை கொடுப்பவன் அறிந்தால்? காப்புறுதிக் கம்பனி அறிந்தால்?

நமது நாட்டிலே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உடல்நலம் பற்றிய தரவை அது விசேட வகையாகக் கொள்கின்றது. நல்லது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. ஏட்டிலே உள்ள சட்டத்துக்கும் நாட்டிலே உள்ள சட்டத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

மூன்றாவது: செயலியை ஆக்கியவர் யார்? 2011 இல் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் நோவுக்கான 111 செயலிகளை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 86 செயலிகள், அவற்றை ஆக்கியதில் வைத்தியத் துறையினர் எவரும் பங்குகொண்டதாகக் கூறவில்லை. ஆகவே கடையிலே கிடைப்பதையெல்லாம் நம்பிவிடக்கூடாது. ஒரே உதாரணம் சொல்கின்றேன். சலரோகக்காரர் ஒருவரின் கால் எரிவு எட்டிலிருந்து பூச்சியத்துக்கு இறங்குகின்றது. அறியாத செயலி பாராட்டும். ஆனால் நரம்பு முற்றாகச் செத்து, கால் விறைத்ததாலும் நோவு நின்றிருக்கலாம்! வெறுங்காலுடன் வயற்சேற்றில் இறங்கும் கமக்காரருக்கு அது பேராபத்து. முள் ஏறியதும் தெரியாது. கல் வெட்டியதும் தெரியாது. புண் புரையோடிய பின்னரே தெரியும். ஆதலால் நோவை மட்டும் கேட்கும் செயலி அரைச் செயலி. விறைப்பையும் அது கேட்கவேண்டும். பாதத்தை இன்று பார்த்தீர்களா என்றும் கேட்கவேண்டும்.

பதிவு வாளாகுமா?

நான்காவது எச்சரிக்கையைச் சட்டத்தரணி என்ற முறையில் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இலத்திரனியற் பதிவுகளை நமது சட்டம் அறியாததன்று. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டமும், 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கற் சட்டமும் உண்டு. நட்டஈட்டு வழக்கிலே இப்பதிவு நமக்குக் கேடயமாகலாம். ஆனால் கேடயமாவது வாளாகவும் ஆகலாம். “ஜூன் 3 ஆம் நாள் நீர் ஒன்றும் பதியவில்லை, ஆகவே அன்று நோவில்லை” என்று நாளை ஒருவர் வாதிப்பார். அன்று நோவு மிகுந்து தொலைபேசியைத் தொடவே முடியாமலிருந்திருக்கலாம். மின்சாரம் இல்லாமலிருந்திருக்கலாம். அறுவடை நாளாக இருந்திருக்கலாம். பதிவில்லாமை நோவில்லாமைக்குச் சான்றாகாது. இவ்விதியை இன்றே வகுத்துக்கொள்ளாவிட்டால், நாளை செயலியில்லாத ஏழையின் நோவு நோவேயன்று என்று ஆகிவிடும்.

நோவு பற்றிய சர்வதேச ஆராய்ச்சிச் சங்கம் 2020 இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோவு உண்டென்று கூறினால் அக்கூற்று மதிக்கப்படவேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. அதுவே நம் அடிப்படை. செயலி நோயாளியின் சொல்லுக்குத் துணை நிற்கலாம். அச்சொல்லின் இடத்தை அது பிடிக்கக்கூடாது.

செய்யவேண்டியவை

அன்பர்களே! தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்து போகும் கூட்டங்கள் பலவற்றை நாம் கண்டுவிட்டோம். இன்று நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

வைத்தியர்களுக்கு: நோயாளி கொண்டுவரும் பதிவை ஒரு நிமிடமாவது பாருங்கள். ஒருவரும் பார்க்காத பதிவை ஒருவரும் எழுதமாட்டார்கள். எந்தச் செயலி தக்கது, நாளொன்றுக்கு எத்தனை முறை போதும் என்பதை நீங்களே சொல்லுங்கள். சிலர் நோவைப் பதிவதே வேலையாக, நாள் முழுதும் அதையே எண்ணி மாய்வர். அவர்களைத் தடுப்பதும் உங்கள் பொறுப்பு.

படித்த இளைஞர்களுக்கு: செயலி ஆக்கும் வித்தை கற்றவர் உங்களிடையே உண்டு. வைத்தியரையும் தமிழ் அறிந்தவரையும் கூட்டி, நம் மக்கள் நோவுக்கு வழங்கும் சொற்களை ஊரூராகத் திரட்டுங்கள். எழுதத் தெரியாதவர் குரலாற் சொல்லும் வசதியும் இருக்கட்டும். இணைப்பில்லாத இடத்திலும் இயங்கட்டும். பதிவு நோயாளியின் தொலைபேசியிலேயே தங்கட்டும்; அவர் கொடுத்தாலன்றி வெளியே போகாதிருக்கட்டும்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு: அப்புவிடம் நல்ல தொலைபேசி இல்லாவிட்டால் உங்கள் தொலைபேசியிற் பதிந்து கொடுங்கள். ஆனால் அவர் சொன்ன எண்ணையே பதியுங்கள். “அவ்வளவு நோகாது அப்பு” என்று குறைக்க உங்களுக்கு அதிகாரமில்லை.

தொலைபேசியே இல்லாதவருக்கு: கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கீறுங்கள். நாள், நேரம், எண், இடம், மருந்து, உறக்கம் என்று ஆறு நிரல் போதும். விளக்கேற்றும் வேளையில் ஒரு தடவை எழுதுங்கள். மறந்த நாளை வெறுமையாக விடுங்கள். வெற்றிடம் வெட்கமன்று, பின்னாளில் நிரப்பிய எண்ணே வெட்கம்.

அரசினரிடம் நாம் கேட்பவை இரண்டு: அரசாங்க வைத்தியசாலையில் எந்தச் செயலி வந்தாலும் தமிழிலும் வரட்டும், மக்களின் உடல்நலத் தரவைக் காக்கும் சட்டம் ஏட்டிலிருந்து இறங்கி முழுமையாக நடைமுறையில் நிற்கட்டும்.

அந்தத் தொழிலாளியை அண்மையிற் சந்தித்தேன். இடது கையாற் கடை நடத்துகின்றார். கை இன்றும் நோகின்றது. அவருடைய மகள் தொலைபேசியில் ஒரு செயலியை இட்டுக் கொடுத்திருக்கின்றாள். மூன்று மாதப் பதிவை எனக்குக் காட்டினார். இரவு பத்து மணிக்கு மேல் எண் ஏறுவதும், மருந்து மாற்றிய நான்காம் கிழமையில் அது இறங்குவதும் அதிலே தெளிவாகத் தெரிந்தன. இரவு மருந்தின் வேளையை வைத்தியர் அதைப் பார்த்தே மாற்றினாராம். வழக்கு முடிந்துவிட்டது; அதை இனி எவராலும் திறக்க இயலாது. ஆனால் அவர் இப்போது இரவில் ஐந்து மணிநேரம் உறங்குகின்றார்.

“இப்ப நான் கணக்கப்பிள்ளைதான் ஐயா” என்று சொல்லிச் சிரித்தார்.